மலையிலிருந்து விமானம் ஏற: தூரமும் நேரமும் போடும் கணக்கு

ஊட்டியில் விமான நிலையம் கிடையாது. நீலகிரி மாவட்டத்திலேயே கிடையாது. தீட்டுக்கல்லில் ஹெலிகாப்டர் தளம் ஒன்று உண்டு. அங்கே அமைச்சர்களும் தலைவர்களும் வந்து இறங்குவார்கள், நமக்கு டிக்கெட் கிடைக்காது. இருந்தும் ‘ஊட்டி – டெல்லி விமான தூரம்’ என்று தேடிப் பாருங்கள். கிலோமீட்டரில் ஓர் எண்ணும், பறக்கும் நேரம் என்று இன்னொன்றும் தயாராக வந்து நிற்கும். சில தளங்கள் ஊட்டி நகரத்தின் நடுவிலிருந்து டெல்லி வரை நேர்கோடு இழுத்து அளந்திருக்கும். சில தளங்கள் பக்கத்து விமான நிலையத்தைத் தாங்களாகவே எடுத்துக்கொள்ளும். எதிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்று பார்க்காமல் அந்த எண்ணை நம்பிக் கிளம்பினால், விமானம் மேலே ஏறும் நேரத்தில் நீங்கள் பர்லியாறு வளைவில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பீர்கள்.

முதல் முறை விமானம் ஏறுகிறவர்கள், படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போகும் பிள்ளைகள், அவர்களை வழியனுப்பக் கூடவே இறங்கும் பெற்றோர், இவர்களுக்குத்தான் இது. பேப்பர், பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

எந்த நிலையம்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கோவை பீளமேடுதான். டிக்கெட்டில் சி.ஜே.பி. என்ற மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். சூலூரில் இருப்பது விமானப்படைத் தளம். அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊட்டியிலிருந்து பீளமேட்டுக்குச் சாலை வழியே ஏறத்தாழ 90 கி.மீ. குன்னூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் 70 கி.மீ.யை ஒட்டி வரும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் கதை வேறு. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறி, அப்புறம் கோவைக்கு இறங்கினால் 140 கி.மீ. அதற்குப் பதில் நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு இறங்கி, மஞ்சேரி தாண்டினால் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூர் வந்துவிடும். ஏறத்தாழ நூறு கி.மீ. வளைகுடா நாடுகளுக்கு அங்கிருந்து விமானங்கள் நிறைய. துபாய், தோகா போகிறவர்கள் கோவை டிக்கெட் பார்ப்பதற்கு முன் கரிப்பூரைப் பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்கா, ஐரோப்பா என்றால் சிலர் பெங்களூருக்குப் போகிறார்கள். ஊட்டியிலிருந்து பெங்களூரு நகரம் 270 கி.மீ. சொச்சம், விமான நிலையமோ ஊருக்கு அந்தப் பக்கம், வடக்கே தேவனஹள்ளியில். தூரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளை விடுவதில்லை. 2009 முதல் இருக்கும் தடை இது. அதிகாலை 2 மணி விமானம் என்றால் முந்தின நாள் பகலிலேயே காட்டைக் கடந்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது மாலை 5 மணிக்குத் தேவனஹள்ளியில் இறங்கினால் 9 மணிக்குள் பந்திப்பூரை எட்ட வழியே இல்லை. மைசூரிலோ குண்டல்பேட்டையிலோ தங்கல்தான். டிக்கெட் விலை குறைவு என்று பார்ப்பவர்கள் அந்த லாட்ஜ் வாடகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தூரம் போடும் விதம்

விமான தூரம் என்று காட்டுவது, இரண்டு நிலையங்களுக்கும் இடையே பூமியின் வளைவை ஒட்டிப் போகும் மிகக் குறுகிய வழியின் நீளம். இதைக் கையாலேயே போட்டுவிடலாம். வடக்கு தெற்காக ஒரு டிகிரி அட்சரேகை என்பது 111 கி.மீ. கிழக்கு மேற்காக ஒரு டிகிரி தீர்க்கரேகை, நிலநடுக்கோட்டில் அதே 111. துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும். தமிழ்நாட்டு அளவில் 109 என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது.

கோவை நிலையம் இருப்பது 11.03 டிகிரி வடக்கு, 77.04 டிகிரி கிழக்கு. டெல்லி நிலையம் 28.56 வடக்கு, 77.10 கிழக்கு. தீர்க்கரேகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். கோவைக்கு நேர் வடக்கே டெல்லி. அதனால் வெறும் கழித்தல், ஒரு பெருக்கல்: 17.53ஐ 111ஆல் பெருக்கினால் 1,946 கி.மீ. கணினி போடும் கணக்குக்கும் இதற்கும் சில கிலோமீட்டர்தான் வித்தியாசம் வரும்.

சென்னை குறுக்காக இருக்கிறது, 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. வடக்கே 1.96 டிகிரி, அதாவது 218 கி.மீ. கிழக்கே 3.13 டிகிரியை 109ஆல் பெருக்கினால் 341 கி.மீ. இனி பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்: இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 405. கணினியில் 404 வரும். சாலையில் போனால் 500 கி.மீ. ஆகும் ஊர்.

இந்த முறை சில நூறு கிலோமீட்டர் வரை கச்சிதமாக வரும். வெளிநாட்டுத் தூரங்களுக்குப் பூமியின் வளைவு கணக்கில் நுழைந்துவிடும். அங்கே கூகுள் மேப்பின் தூரம் அளக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கணினியில் ஒரு நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்து அளவைத் தொடங்கி, இன்னொரு நிலையத்தைச் சொடுக்கினால் போதும். கோவை – ஷார்ஜா 2,770 கி.மீ.யை ஒட்டி வரும், கோவை – சிங்கப்பூர் 3,160 கி.மீ.யை ஒட்டி.

அளக்கும்போது கோடு வில்லாக வளைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோடு நேராகத்தான் போகிறது, வரைபடம்தான் தட்டையாக இருக்கிறது. பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இப்படி அளந்து பாருங்கள். சுவர் வரைபடத்தில் பசிபிக்கைத் தாண்டிப் போவதுதான் வழி என்று தோன்றும். உண்மையில் குறுகிய வழி வடதுருவத்தின் பக்கமாக ஏறி இறங்குகிறது, 14,000 கி.மீ. சுமாருக்கு. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா அந்த வழித்தடத்தைத் தொடங்கியபோது முதல் விமானத்தைப் பெண் விமானிகளே வடதுருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்கள். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரு ஊருக்கும் இடையே இழுத்துப் பிடித்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தூரத்தைத் தளங்கள் கிலோமீட்டர், மைல், கடல் மைல் என்று மூன்று விதமாகக் காட்டும். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. சென்னைக்கு 404 கி.மீ. என்பதும் 251 மைல் என்பதும் 218 கடல் மைல் என்பதும் ஒன்றே. விமானிகள் பேசுவது கடல் மைலில்.

பறக்கும் நேரம்

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஜெட் விமானம் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் போகும், சென்னை 404 கி.மீ., ஆகவே அரை மணி நேரம் என்று கணக்குப் போடுவார்கள். டிக்கெட்டைப் பார்த்தால் 1 மணி 10 நிமிடம் என்று இருக்கும். மீதி நேரம் எங்கே போயிற்று?

டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும் வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்கு வழி விடுவது, மேலே ஏறுவது, இறங்கும் ஊரில் வரிசைக்காகச் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். நிறுவனங்கள் தாமதப் பெயர் வராமல் இருக்கக் கொஞ்சம் கூட்டியும் போடுவார்கள். ‘பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்’ என்று விமானத்தில் பெருமையாக அறிவிப்பதை இனிமேல் கேட்டால் சிரிப்பு வரும்.

அதனால் இப்படிப் போடுங்கள்: கிலோமீட்டரை 800ஆல் வகுத்தால் மணி கிடைக்கும், அதோடு 35 நிமிடம் கூட்டுங்கள். சென்னைக்கு 30 நிமிடமும் 35ம், 1 மணி 5 நிமிடம். டெல்லிக்கு 2 மணி 26 நிமிடமும் 35ம், 3 மணி நேரம். மும்பை நேர்வழியில் 1,000 கி.மீ., அதற்கு 1 மணி 50 நிமிடம். ஷார்ஜாவுக்கு 4 மணி, சிங்கப்பூருக்கு நாலரை. டிக்கெட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குமேல் விலகாது. ஒரு விதிவிலக்கு: இறக்கைக்கு முன்னால் வெளியே தெரிய விசிறி சுற்றும் ஏ.டி.ஆர். விமானமாக இருந்தால் மணிக்கு 500 கி.மீ.தான் போகும். ஹைதராபாத் மாதிரி 700 கி.மீ. தூரத்தில் ஜெட்டைவிட நன்றாகவே தாமதமாகும். டிக்கெட் போடும்போது விமான வகை பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

கோவையிலிருந்து பெங்களூரு வெறும் 252 கி.மீ. சென்னையைவிட 150 கி.மீ. குறைவு. நேரத்தில் பார்த்தால் பத்து நிமிடம்தான் மிச்சம். ஏன் என்றால், 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானம் தரையைத் தொட ஏறத்தாழ 200 கி.மீ. முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். 252 கி.மீ. வழியில் அந்த உயரத்துக்கு ஏறவே நியாயமில்லை. ஏறுகிறது, கொஞ்சம் சமமாகப் போகிறது, இறங்குகிறது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிடுவார்கள்.

முதல் முறை போகிறவர்கள் காது அடைக்கும் என்று பயப்படுகிறார்கள். மலைக்காரர்களுக்கு அது பழகின சங்கதி. விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குக் குறையாமல் வைத்திருப்பார்கள். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், அதாவது 7,350 அடி. வானத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் சுவாசிப்பது கிட்டத்தட்ட ஊட்டி சேரிங்கிராஸ் காற்றுதான், குளிர் மட்டும் இல்லை. கீழே கோவையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் வீடு வந்து சேரும்போது எவ்வளவு உப்பியிருக்குமோ, விமானத்திலும் ஏறக்குறைய அவ்வளவே உப்பும்.

காற்றும் வான்வெளியும்

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. நெடுந்தூரப் பயணத்தில் இது நன்றாகத் தெரியும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றால், சென்னையிலிருந்து லண்டன் போவதைவிட லண்டனிலிருந்து வருவது சீக்கிரம். தென்னிந்தியாவுக்கு மேலே ஜூன் முதல் செப்டம்பர் வரை இது தலைகீழ். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் 14, 15 கி.மீ. உயரத்தை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று பாய்கிறது. 1950களில் இதை ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டேஸ்வரம். கோவை – டெல்லிக்கு இந்தத் தலைவலி அதிகம் இல்லை. வடக்கு தெற்கான வழி என்பதால் காற்று பக்கவாட்டில்தான் அடிக்கும்.

அரசியலும் நேரத்தைக் கூட்டும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே வளைந்து சுற்றிப் போக வேண்டியதாயிற்று. தூரம் காட்டும் தளங்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

நேரடி விமானம் இல்லாத ஊர்

கோத்தகிரி, கூடலூர் பக்கம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்னும் சொந்தங்கள் இருக்கின்றன. கல்யாணம், சாவு என்று கொழும்புக்குப் போக வேண்டிவரும். கோவையிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் 530 கி.மீ. தளத்தில் அதைப் பார்த்துவிட்டு ஒன்றேகால் மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். கோவையில் ஏறி சென்னையில் மாறினால் 404ம் 647ம் சேர்ந்து 1,050 கி.மீ., நேர்வழியைப் போல் இரு மடங்கு. சென்னையில் உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்கு மாறி, குடியேற்றச் சோதனை முடித்து, காத்திருப்பதையும் கூட்டினால் ஒரு பகல் ஓடிவிடும். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

திருச்சியிலிருந்து கொழும்பு 420 கி.மீ.தான், மதுரையிலிருந்து 355 கி.மீ. மலையிறங்கிய பிறகு பஸ்ஸிலோ ரயிலிலோ திருச்சி போய் அங்கே ஏறுவது பல சமயம் பணமும் மிச்சம், அலைச்சலும் குறைவு. பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

கடிகாரமும் தேதியும்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. ஷார்ஜா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். கோவையில் அதிகாலை 4.00, ஷார்ஜாவில் 6.30 என்று இருந்தால் பயணம் இரண்டரை மணி நேரம் அல்ல, நான்கு. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே கழிக்க வேண்டும். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்.

இதைவிட ஆபத்தானது நள்ளிரவுத் தேதி. டிக்கெட்டில் 12ஆம் தேதி 00.30 என்று இருந்தால் அது 11ஆம் தேதி ராத்திரி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 11ஆம் தேதி இரவு 9.30க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். ஊட்டியிலிருந்து என்றால் 11ஆம் தேதி மாலை 5 மணிக்கே வண்டி கிளம்பியிருக்க வேண்டும். காலண்டரில் 11ஐச் சுற்றி வட்டம் போடுங்கள், 12ஐ அல்ல.

கடைசியாக, மலைப்பாதை

ஊட்டியிலிருந்து பீளமேட்டு நிலையத்துக்கு நேர்கோடு இழுத்தால் 56 கி.மீ.தான். சாலையில் 90. ஆகும் நேரம் சாதாரண நாளில் மூன்று மணி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 46 கி.மீ. ஏறி ஊட்டி வர ஐந்து மணி நேரம் எடுக்கிறது. அந்த நேரத்தில் கோவையில் ஏறியவர் சிங்கப்பூரில் இறங்கிவிடுவார்.

உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். செக்-இன் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். மேட்டுப்பாளையத்தில் டிராபிக் என்று சொன்னால் அங்கே எடுபடாது. காலை 6 மணி சென்னை விமானம் என்றால் 4 மணிக்கு நிலையம், அதற்கு நள்ளிரவு தாண்டியதும் ஊட்டியை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு மணி ஐந்து நிமிட விமானத்துக்கு ஆறு மணி நேர முன்வேலை. இரவில் பாதை காலியாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் கல்லாறு பக்கமும் குஞ்சப்பனைப் பக்கமும் யானை நடமாட்டம் உண்டு. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனையில் யானை ரோட்டோரமே நிற்கும். அது நகரும்வரை விளக்கை அணைத்து, ஹாரன் அடிக்காமல் காத்திருக்க வேண்டியதுதான். அதற்கும் சேர்த்து அரை மணி நேரம் வையுங்கள். முடிந்தால் பத்து மணிக்கு மேற்பட்ட விமானமாக எடுங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

ஏப்ரல், மே சீசனில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழிப் பாதையாகத் திருப்பிவிடுவார்கள். அப்போது மூன்று மணி நேரம் நாலரை ஆகும். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்து ஒரு பாதை அடைபட்டால் இன்னொரு பாதையில் எல்லா வண்டியும் நெருக்கும். அந்த மாதங்களில் வெளிநாட்டு விமானம் என்றால் முந்தின நாளே கீழே இறங்கிச் சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை நகருக்குள் நுழையாமல் அன்னூர், கோவில்பாளையம், காளப்பட்டி வழியாகப் போனால் நிலையம் வந்துவிடும். சாலையில் தூரம் கொஞ்சம் கூடினாலும் சிக்னல் மிச்சம்.

திரும்பி வரும்போது ஒன்று மறந்துவிடும். நிலையத்தில் பிடிக்கும் டாக்சி கோவைப் பதிவெண் கொண்டதாகவே இருக்கும். 2024 மே முதல் வெளி வண்டிகள் மலையேற இ-பாஸ் வேண்டும், நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு உண்டு. நம் ஊர்க்காரர் வண்டியைக் கீழே வரச் சொல்வது சுலபம். இல்லையென்றால் டிரைவரிடம் வண்டி எண்ணை முன்னாடியே வாங்கி, விமானம் ஏறுவதற்கு முன் பாஸைப் போட்டுவிடுங்கள். கல்லாறு செக்போஸ்ட்டில் பத்து வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு போனில் ஓ.டி.பி. வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.